சுவரில் வரைந்த பறவையும் சாலையில் விட்டுவந்த பிராணியும்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



இவ்வாரத் தியானத்தைச் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் நம் சபையார் பதினொருவர் மெல்பர்னிலிருந்து விம்மெரா பகுதிக்குச் சென்றுவந்ததை அறிவீர்கள். படங்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் பார்த்தும்விட்டீர்கள். படங்களில் வராத ஒரு காரியத்தைப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அறிக்கையிட்டேன். அதற்கு வந்த மறுமொழிகளே என்னை எழுத வைக்கின்றன. அவற்றைச் சொன்னவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவை நம் பிரசங்க பீடத்திலிருந்து, பெரும்பாலும் என் வாயிலிருந்தே, கற்றுக்கொள்ளப்பட்டவை. ஆகையால் நான் இங்கே எதிர்த்து வழக்காடுவது என்னுடைய பழைய பிரசங்கங்களோடும்தான்.

முதலில் அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளி இரவு ஹார்ஷமில் தங்கி, சனிக்கிழமை விடிந்ததும் வடக்கே புறப்பட்டோம். செப்டம்பர் மாதம் ஆகையால் சாலையின் இருபுறமும் கனோலா வயல்கள் மஞ்சளாய் விரிந்திருந்தன. ஷீப் ஹில்ஸ் என்ற சிற்றூரில், 1938இல் கட்டப்பட்ட கோதுமைச் சைலோக்களின்மேல், அட்நேட் என்ற ஓவியர் 2016இல் அம்மண்ணின் ஆதிக்குடிகளான மூத்தோர் இருவரையும் சிறுவர் இருவரையும் தீட்டியிருக்கிறார். பின்னால் நட்சத்திரங்கள் நிறைந்த இரவு வானம். அங்கிருந்து பிரிம். ஏறக்குறைய நூறு பேர் வாழும் ஊர். அங்கே கைடோ வான் ஹெல்டன் 2016இன் தொடக்கத்தில் முடித்த ஓவியம்தான் விக்டோரியாவின் சைலோ ஓவியங்களில் முதலாவது. முப்பது மீட்டர் உயரத்தில் நான்கு விவசாயிகள் நிற்கிறார்கள்; மூன்று ஆண்கள், ஒரு பெண். அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. காங்கிரீட்டின் நிறத்திலேயே கரைந்தும் கரையாமலும் நிற்கும் அந்த உருவங்களில், மழை பொய்த்த ஆண்டுகளைக் கண்டவர்களின் சோர்வு தெரிகிறது.

இதைப் பார்த்துவிட்டு வந்த படங்களுக்கு நம்மில் ஒருவர், "இத்தனை உயரத்தில் மனித உருவம் வைப்பது விக்கிரகத்துக்கு ஒப்பல்லவா, பாஸ்டர்?" என்று கேட்டிருந்தார். நாம் பிறந்த ஊர்களில் முப்பது மீட்டர் உயரத்துக்கு யாருடைய முகத்தை நிறுத்தினார்கள் என்று எண்ணிப்பாருங்கள். தலைவர்களையும் நடிகர்களையும் நிறுத்திப் பாலூற்றினார்கள். இங்கே ஓர் ஓவியன் பெயர் தெரியாத நான்கு பேரைத் தேர்ந்துகொண்டான். அவர்களுக்கு எவரும் மாலை சூட்டுவதில்லை, அவர்களிடம் எவரும் வரம் கேட்பதுமில்லை. நான் அங்கே கண்டது விக்கிரகமன்று. சிறியவர்களை ஒருவர் பொறுமையாய் உற்றுப்பார்த்ததின் தடயத்தையே கண்டேன்.

நாம் எவ்வளவு நேரம் உற்றுப்பார்த்தோம் என்பதையும் சொல்லவேண்டும். பிரிமில் இருபது நிமிடங்கள். படம் எடுத்தோம், ஊரின் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தினோம், புறப்பட்டோம். பிரியாணியும் எலுமிச்சைச் சாதமும் மெல்பர்னிலிருந்தே வந்திருந்தபடியால் ஒரு கோப்பை காப்பிகூட அந்த ஊரில் வாங்கவில்லை. இது சிறு காரியந்தான். ஆனால் மாலையில் நடந்ததற்கு இதுவே முன்னுரை என்று பின்னர் விளங்கிற்று.

நண்பகலில் ஆன்ட்வெர்ப் அருகே எபனேசர் மிஷன் இருந்த இடத்தில் நின்று ஜெபித்தோம். மொரேவியச் சபையார் 1859இல் தொடங்கி, 1904இல் மூடப்பட்ட ஊழியம் அது. (அதே மொரேவியர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.) நத்தானியேல் பெப்பர் என்ற வாலிபர் 1860இல் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். ஆத்துமா ஒன்றே போதும் என்று சொல்லுகிறவர்கள் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் சிறிது நேரம் நிற்கவேண்டும். அந்த ஜனத்தின் ஆத்துமாக்களுக்குச் சபை கதவைத் திறந்தது. அதே காலத்தில் அவர்களுடைய நிலமெல்லாம் ஆடு மேய்ப்போர் கைக்குப் போயிற்று. தங்கள் பூர்வீக மண்ணின் ஒரு பகுதியின்மேல் தங்களுக்கு உரிமை உண்டு என்பதை வோட்ஜோபாலுக் மக்கள் நீதிமன்றத்தில் நிலைநாட்டியது 2005இல்தான்.

பிற்பகலில் லிட்டில் டெசர்ட் தேசியப் பூங்காவின் ஓரமாய்ச் சென்றோம். பெயரில்தான் பாலைவனம். உள்ளே புதர்களும் பூக்களும் பறவைகளும் நிறைந்த நிலம். 1960களின் இறுதியில் மாநில அமைச்சர் ஒருவர் அந்தக் காட்டை வெட்டித் திருத்தி விளைநிலமாக்கத் திட்டமிட்டார். ஜனங்கள் எழும்பி எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது, 1970 தேர்தலில் அந்த அமைச்சர் தம் தொகுதியையே இழந்தார். 1988இல் பூங்கா 1 லட்சத்து 30 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேலாக விரிவாக்கப்பட்டது.

அங்கே மாலீஃபௌல் என்ற பறவை வாழ்கிறது. நாங்கள் அதைக் காணவில்லை. எளிதில் கண்ணில் படும் பறவை அன்று அது. ஆனால் அதன் வாழ்க்கையை வழியில் பிள்ளைகளுக்கு விளக்கினேன். ஆண்பறவை மண்ணையும் சருகையும் கூட்டி, ஒரு மீட்டர் உயரத்துக்கு மேடு கட்டுகிறது. உள்ளே சருகு மட்கி எழும்பும் வெப்பத்தில் முட்டைகள் பொரிகின்றன. மேட்டின் வெப்பம் ஏறக்குறைய 33 பாகையில் நிற்கும்படி, மாதக்கணக்காய் அது மண்ணைத் தள்ளுவதும் மூடுவதுமாய் உழைக்கிறது. யோபின் புத்தகத்தில் தன் முட்டைகளை மண்ணில் விட்டுப் போகும் தீக்குருவியைக் கர்த்தர் காட்டுகிறாரே, அதற்கு நேர் எதிரான தகப்பன் இது. காடு அழிக்கப்பட்டதாலும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நரிகளாலும், இந்தப் பறவை இன்று அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது.

அதன்பின் ஒரு மகிழ்ச்சியான காரியம் நடந்தது. ஷிங்கிள்பேக் எனப்படும் தடித்த வால்கொண்ட ஓணான் இனப் பிராணி ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. வண்டியை ஓட்டிய தம்பி ஓரமாக நிறுத்தினார். பத்து நிமிடங்கள் நின்றோம். பிள்ளைகள் இறங்கி, தூரமாய் நின்று பார்த்தார்கள். அது வாய் திறந்து நீலநாக்கைக் காட்டிற்று; எல்லாரும் சிரித்தோம். இந்தப் பிராணிகள் ஆண்டுதோறும் வசந்தத்தில் தங்கள் பழைய துணையையே தேடிச் சேர்கின்றன. தென் ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் நடந்த ஓர் ஆய்வில், 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருந்த இணைகளைக் கண்டிருக்கிறார்கள். வண்டியில் அடிபட்டு இறந்த துணையின் அருகே மற்றது விலகாமல் காத்துக் கிடப்பதையும் கண்டிருக்கிறார்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நான் நன்றாகவே சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்குள் அதே வாயால் வேறொன்று சொன்னேன்.

கடைசியாகக் கொரோக் ஊர். அங்கே 2020இல் ஜெஃப்ரி காரன் சைலோக்களின்மேல் மூன்று பறவைகளைத் தீட்டியிருக்கிறார்: கூக்கபரா, மேக்பை, கலா. ஊரின் பெயரே மேக்பையைக் குறிக்கும் ஆதிக்குடிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அந்திவெளிச்சம் அந்தச் சிறகுகள்மேல் விழுந்தபோது நானே உரத்த சத்தமாய் ஸ்தோத்திரம் சொன்னேன். அங்கே எடுத்த குழுப்படம்தான் நம் சபையின் முகநூல் பக்கத்தில் இப்போது முகப்பில் இருக்கிறது.

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நட்டிமுக்கை நோக்கி வரும் சாலையில், வெளிச்சம் மங்கும் நேரத்தில், இடப்புறப் புல்லிலிருந்து கங்காரு ஒன்று பாய்ந்தது. தம்பி பிரேக்கை அழுத்தியும் வண்டியின் முனை அதை அடித்தது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. வேகம் குறைந்தது. தம்பி என் முகத்தைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் முந்நூற்றைம்பது கிலோமீட்டர். மறுநாள் காலை திருவிருந்து ஆராதனை. பிரசங்கக் குறிப்பை இன்னும் முடித்திருக்கவில்லை.

"விளக்கு எல்லாம் எரியுதா, தம்பி?"

"எரியுது, பாஸ்டர்."

"அப்ப ஓட்டுங்க. போகலாம்."

பின்னிருக்கையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: "பாஸ்டர் அங்கிள், பைக்குள்ள குட்டி இருந்தா?"

அவள் பள்ளியில் கற்றிருக்கிறாள். தாய் அடிபட்டு இறந்தாலும், பைக்குள் இருக்கும் குட்டி உயிரோடு இருக்கக்கூடும். பார்க்கிறவர் இல்லாவிட்டால் அது பசியாலும் குளிராலும் மெல்ல மெல்லச் சாகும். எனக்கும் இது தெரியும். இந்த நாட்டில் வண்டி ஓட்டும் எவருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு கீர்த்தனையைப் பாடத் தொடங்கினேன். எல்லாரும் சேர்ந்து பாடினார்கள்.

ஹார்ஷமில் எரிபொருள் நிரப்ப நின்றபோது மனச்சாட்சி தாளாமல் வனவிலங்கு மீட்புச் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எதிர்முனையில் இருந்த பெண்மணி கனிவாகவே கேட்டார்: எந்த இடம்? எந்தக் குறுக்குச் சாலைக்கு அருகே? சாலையின் எந்தப் பக்கம்? எதற்கும் என்னிடம் விடை இல்லை. நான் பாடிக்கொண்டிருந்தேன்.

இதைத்தான் புதன்கிழமை சொன்னேன். இனி, கிடைத்த மறுமொழிகளுக்கு வருகிறேன்.

"மிருகத்துக்கு ஆத்துமா இல்லையே, பாஸ்டர், இதற்காக இத்தனை துக்கம் எதற்கு?" ஆத்துமா உண்டா இல்லையா என்று விசாரித்த பின்புதான் இரக்கம் காட்டவேண்டும் என்று வேதத்தில் எங்கே கண்டீர்கள்? சத்துருவின் கழுதை சுமையோடே விழுந்து கிடந்தால் விலகிப்போகாமல் உதவி செய் என்று யாத்திராகமம் 23 கட்டளையிடுகிறது. கழுதையின் ஆத்துமாவைப் பற்றி அங்கே ஆராய்ச்சி இல்லை. கூட்டிலே தாய்ப்பறவையையும் குஞ்சுகளையும் சேர்த்து எடுக்காதே என்று உபாகமம் 22 தடுக்கிறது. நினிவேயை ஏன் தப்பவிட்டேன் என்று யோனாவுக்கு விளக்கும் கர்த்தர், ஜனங்களை எண்ணிய கையோடு மிருகஜீவன்களையும் சேர்த்துக்கொள்ளுகிறார். அந்தப் புத்தகமே அதோடு முடிகிறது. ஆண்டவர் அடைக்கலான் குருவிகளைப் பற்றிப் பேசியபோது, மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு, லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் பாருங்கள், ஐந்தாவது குருவி விலையே இல்லாமல் கொசுறாய்க் கொடுக்கப்பட்டது. அந்தக் கொசுறும் தேவனிடத்தில் மறக்கப்படவில்லை என்கிறார். மனிதன் அநேகம் குருவிகளைவிட விசேஷித்தவன் என்று அவர் சொன்னதையே நாம் பிடித்துக்கொண்டோம். குருவி நினைக்கப்படுகிறது என்பது உண்மையாயிராவிட்டால் அந்த வாதமே நிற்காது என்பதைப் பார்க்கவில்லை.

"ஆண்டுகொள்ளும்படி தேவனே அதிகாரம் கொடுத்தாரே" என்றார் ஒரு மூத்த சகோதரர். கொடுத்தார், மறுக்கவில்லை. ஆதியாகமம் 1இல் ஆளுகையைக் குறிக்கும் ராதா என்ற எபிரேயச் சொல், சங்கீதம் 72இல் ராஜாவுக்கும் வருகிறது. அந்த ராஜா எளியவனை விடுவிக்கிறவன். அதே சொல் எசேக்கியேல் 34இல், மந்தையைக் கடூரமாய் ஆண்ட மேய்ப்பர்களைக் கண்டிக்கும் இடத்திலும் வருகிறது. நலிந்ததைத் திடப்படுத்தவில்லை, ஒடிந்ததைக் கட்டவில்லை என்பதே அவர்கள்மேல் வைக்கப்பட்ட குற்றம். மேய்ப்பன் என்ற பட்டத்தைச் சுமக்கிற நான் அந்த அதிகாரத்தை இந்த வாரம் முழங்காலில் நின்று வாசித்தேன். ஏதேனில் மனிதன் வைக்கப்பட்டது தோட்டத்தைக் காப்பதற்காகவும்தான். அங்கே காப்பதற்கு வருகிற ஷமர் என்ற சொல்லே, ஒவ்வொரு ஞாயிறும் நான் கைகளை உயர்த்திக் கூறும் ஆரோனின் ஆசீர்வாதத்திலும் இருக்கிறது. கர்த்தர் உங்களைக் காக்கும்படி கேட்கிற சொல்லால்தான், நீங்கள் பூமியைக் காக்கும்படியும் கேட்கப்பட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றிலும் வலிமையானதாக வந்த மறுமொழி: "இந்தப் பூமி எப்படியும் எரிந்து போகும். பறவைக்கும் படத்துக்கும் ஒரு சனிக்கிழமையைச் செலவிட்டதே அதிகம்." இதை நான் பிரசங்கித்திருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே சபையில், இரண்டு பேதுரு மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து, மேஜையைத் தட்டிப் பிரசங்கித்திருக்கிறேன். ஆகவே பொறுமையாய்ச் சொல்லுகிறேன். நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, பூமியும் அதின் கிரியைகளும் எரிந்துபோகும் என்று அந்தப் பத்தாம் வசனத்தை முடிக்கிறது. அது பின்பற்றிய கிரேக்கப் பிரதி அப்படி. ஆனால் சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி என்ற மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அவ்விடத்தில் எரிதலைக் குறிக்கும் சொல் இல்லை. கண்டறியப்படும், வெளியாகும் என்று பொருள்படும் சொல் இருக்கிறது. செமினரியில் இதைப் படித்தேன். படித்தும் பீடத்தில் சொல்லவில்லை. எரிந்துபோகும் என்பது பிரசங்கத்துக்கு எளிது. வெளியாகும் என்றால், பூமியில் நாம் செய்தவை விசாரிக்கப்படும் என்று சொல்லவேண்டி வருமே.

பிரதிகளைப் பற்றிய வழக்கு உங்களுக்கு வேண்டாமென்றால், அதே அதிகாரத்தின் முற்பகுதியை வாசியுங்கள். வரப்போகும் அக்கினியைப் பேதுரு எதற்கு ஒப்பிடுகிறார்? ஜலப்பிரளயத்துக்கு. அன்றைய உலகம் ஜலத்தினால் அழிந்தது என்கிறார். பூமி இல்லாமற் போயிற்றா? பேழைக்குள் யார் யார் இருந்தார்கள்? வெளியே வந்தபின் தேவன் உடன்படிக்கை செய்தது நோவாவோடு மாத்திரமா? ஆதியாகமம் 9ஐ எடுத்து, சகல ஜீவஜந்துக்களும் அங்கே எத்தனை முறை குறிப்பிடப்படுகின்றன என்று விரல்விட்டு எண்ணுங்கள். எரியப்போகிற வீடு என்று நீங்கள் சொல்லுகிற இந்தப் பூமியில்தான் சொந்த வீட்டுக்கு முப்பது ஆண்டுக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். அந்த வீட்டின் கூரை ஒழுகினால் ஒரு நாளும் தாமதிக்கிறதில்லை.

இன்னொரு மறுமொழியை நான் மதிக்கிறேன். விம்மெராவில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் எழுதினார்: அங்கே கங்காருக்கள் ஏராளம், அரசாங்க அனுமதியோடே சுடுகிறார்கள், பயிரைக் காப்பாற்றும் விவசாயியின் பாடு நகரத்தாருக்குத் தெரியாது என்று. அவர் சொல்லுவது மெய். கங்காரு மாலீஃபௌலைப்போல அருகிவரும் உயிர் அன்று. சுட அனுமதி கொடுப்பது சரியா தவறா என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்லவும் இல்லை. ஆனால் அனுமதியோடே சுடுகிறவனும் பையைப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறான். நான் பார்க்கவில்லை. என் காரியம் எண்ணிக்கையைப் பற்றியதன்று. என் வண்டி அடித்தது. நான் போகச் சொன்னேன்.

எரிகோ சாலையில் வந்த ஆசாரியனைப் பற்றி எத்தனை முறை உங்களுக்குப் பிரசங்கித்திருப்பேன்! அவனை நான் எப்போதும் கல்நெஞ்சனாகவே வரைந்துகாட்டினேன். இப்போது எனக்குத் தோன்றுகிறது, அவனுக்கும் மறுநாள் ஆராதனை இருந்திருக்கும். அந்த உவமை மனிதனைப் பற்றியது, மிருகத்தைப் பற்றியதன்று என்பீர்கள். ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் நிற்காமல் போகப் பழகின கால் எதற்கு நிற்கும்?

ஓணானுக்கு நின்றோமே, அதை நினைத்துப்பாருங்கள். அது வெயிலில் அழகாய் நின்றது. எங்களுக்கு நேரமும் இருந்தது. கொரோக்கின் சுவர்ப் பறவைகளுக்கு நாற்பது நிமிடங்கள் நின்றோம். அவை எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் இருக்கிற விவசாயியும் அப்படியே; அவனுடைய ஊரில் கடை மூடுவதைப் பற்றி அவன் நம்மிடம் முறையிடுகிறதில்லை. படமாய் இருக்கிறவர்களை நேசிப்பது எளிது. இரத்தமும் ரோமமுமாய்ச் சாலையில் கிடந்தது மாத்திரம் நம் நேரத்தைக் கேட்டது. ஓவியங்களின்மேல் எனக்குக் குறையில்லை. வாய்ப்புள்ளவர்கள் போய்ப் பாருங்கள், பிரிமில் இறங்கினால் அந்த வட்டாரத்துக் கடைகளில் ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள். அந்தப் படங்களைக் கண்டு ஸ்தோத்திரம் சொன்னதையே பக்தி என்று எண்ணிக்கொண்ட என் நெஞ்சின்மேல்தான் குறை.

ஆகவே சில ஏற்பாடுகள். சபை வேனில் இனி தடித்த கையுறை, டார்ச், பழைய துவாலைகள், ஒரு அட்டைப்பெட்டி, பிரதிபலிக்கும் மேலங்கி ஆகியவை எப்போதும் இருக்கும். மீட்புச் சேவையின் எண் முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தி வேளையிலும் விடியலிலும் நாட்டுப்புறச் சாலைகளில் நம் வேன் போகாதபடி பயணங்களைத் திட்டமிடுவோம். தவிர்க்க முடியாதபோது வேகத்தைக் குறைப்போம். அடிபட்டால், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துப் பத்திரமாய் நிற்பது, இடத்தைக் குறித்துக்கொள்வது, இறந்திருந்தால் பையைச் சோதிப்பது, உடலைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்துவது. இல்லாவிட்டால் அதைத் தின்ன இறங்கும் கழுகும் அடுத்த வண்டியில் அடிபடும். பையில் குட்டி இருந்தால் அதைப் பலவந்தமாய் இழுக்கக்கூடாது, மீட்புச் சேவையார் சொல்லுகிறபடியே செய்யவேண்டும். இவற்றை வாலிபர் கூட்டத்தில் கற்றுக்கொடுக்க ஒருவரை அழைத்திருக்கிறோம். தாமதமானால் ஆராதனை அரை மணி நேரம் பிந்தித் தொடங்கும். அதற்காக யாரும் முறுமுறுக்கவேண்டாம்.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் அம்மாவிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். இந்த ஞாயிறு, ஓய்வுநாள் பள்ளி தொடங்குமுன், அவளிடம் போய்ச் சொல்லப்போகிறேன்: இருந்திருக்கலாம், மகளே, நீ கேட்டது சரி, அங்கிள் நின்றிருக்கவேண்டும்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்